பூஜ்யம் காட்டிய மதகு

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சுடர்விழியின் பெயர் இருந்தது. பெயருக்கு மேல் அவள் கையெழுத்து. வேறெங்கோ அவள் போட்டதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த அறிக்கையை அவள் எழுதவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பாசன அலுவலகத்திலிருந்து வந்த பதில் மெயிலில் அவள் முகவரியும் சேர்ந்திருந்ததால்தான் அப்படி ஒன்று போயிருப்பதே தெரிந்தது.

நின்றுகொண்டே படித்தாள். இரண்டு பக்க ஆங்கிலத்தின் சாரம் இதுதான்: நன்னிலம் பக்கம் மேலக்காவனூர் வாய்க்காலின் தலைப்பு மதகில் பொருத்திய கருவி சரியாகவே வேலை செய்தது. ஷட்டர் மூடியிருந்ததாகத் திரை பூஜ்யம் காட்டியது. ஆனாலும் தண்ணீர் போயிருக்கிறது. ஆகவே மதகைத் திறந்து மூடும் பணியில் இருந்த லஸ்கர் இராஜாங்கம், கருவியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றி ஷட்டரைத் தூக்கியிருக்க வேண்டும்.

நடந்ததை ஊரே பேசியது. ஐப்பசி அடைமழையில் ஆறு கரையைத் தொட்டு ஓடியபோது, வாய்க்கால் தலைப்பை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இராஜாங்கம் மூடினார். விடிந்து பார்த்தால் வாய்க்கால் கரை உடைந்திருந்தது. நட்டு வேர் பிடித்திருந்த சம்பாவெல்லாம் தண்ணீருக்குள். வெள்ளம் தங்கள் வயலில் ஏறாமல் கீழே போகட்டும் என்று நினைத்த மேல்மடைக்காரர்களிடம் கை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு ஷட்டரைத் தூக்கிவிட்டார் என்று யாரோ சொல்ல, உடைப்பெடுத்த இடத்தில் வைத்தே அவரை ஒருவர் அறைந்துவிட்டார். மறுநாள் சஸ்பென்ஷன்.

சுடர்விழி அப்போது விடுமுறையில் பட்டுக்கோட்டைப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த முதல் நாள் இது. நேராக ரகுராமன் அறைக்குப் போனாள். பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தவர் அவர். தஞ்சாவூருக்குத் திரும்பி வந்து இந்தச் சின்னக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். மதகுகளுக்கு மோட்டார் பொருத்தி, ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத் திரையிலும் போனிலும் காட்டுவதுதான் தொழில். கருவிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் முழுக்கச் சுடர்விழியுடைய வேலை.

"சார், இதுல என் கையெழுத்து எப்படி வந்துச்சு?"

ரகுராமன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ லீவுல இருந்த சுடர். அவங்க அன்னிக்கே கேட்டாங்க. டெக்னிக்கல் ஆளு கையெழுத்து வேணும்னாங்க."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்ப? உன் சிப்பு தப்பா எண்ணிடுச்சுன்னா?"

அந்தச் சிப்பை அவளுக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கும் தண்டு சுற்றும்போது சுற்றை அளக்கும் என்கோடரிலிருந்து இரண்டு மின் அலைகள் வரும். ஒவ்வோர் அலையையும் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து எண்ணிக்கையாகத் தருவது இன்டர்போலேட்டர் சிப்பின் வேலை. எத்தனை கூறு, எவ்வளவு நடுக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும், தப்பு நடந்தால் எந்தக் கம்பியில் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் அதற்கு முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். அலைகளை வரைந்து காட்டும் ஓசிலோஸ்கோப்பில் இரண்டும் சேர்ந்து போடும் வட்டம் கோணல் இல்லாமல் வரும்வரை அவள் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். தப்பாக எண்ணாது என்றுதான் அவளும் நம்பினாள்.

"அவர் தூக்கினதை யாராவது பாத்தாங்களா சார்?"

"பாக்கணுமா என்ன? ஸ்கிரீன் பூஜ்யம் காட்டுது, தண்ணி போயிருக்கு. எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த மதகு ஆளுங்களை எனக்குத் தெரியும். ஒரு குவார்ட்டருக்கு ஷட்டரைத் தூக்குவாங்க." இப்போதுதான் நிமிர்ந்தார். "பாவம்தான். ஆனா அவருக்கு யூனியன் இருக்கு. கொஞ்ச நாள்ல திரும்ப எடுத்துப்பாங்க. நமக்கு யாரு இருக்கா? அடுத்த டெண்டர் கைக்கு வர்ற நேரம் இது."

சுடர்விழியின் அப்பா தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்தவர். தோப்பில் ஒரு குலை காணவில்லை என்றால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அதையெல்லாம் இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "என் பேரை எடுங்க" என்றாள்.

"அனுப்பியாச்சு சுடர். அனுப்பினதை எப்படி எடுக்கிறது?"

அன்று மத்தியானமே நன்னிலம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இராஜாங்கத்தின் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தொகுப்பு வீடுகளின் கடைசியில். வாசலில் அவருடைய மனைவி தங்கம்மாள் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். சுடர்விழி சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க? இன்னும் என்ன எழுதணும்?"

"நான் எழுதலைங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எழுதினதுக்கப்புறம் கேக்க வந்தீங்களாக்கும். எம்புள்ள வயசுப் பய இவரை ஊருக்கு நடுவுல அடிச்சான். முப்பது வருசமா இந்த ஊருக்குத் தண்ணி தொறந்துவிட்ட மனுசன். ரேசன் கடைக்குக்கூடப் போறதில்ல இப்ப. நீங்க பஸ்ஸேறி வந்து கேட்டுட்டுப் போவீங்க. அப்புறம்?"

உள்ளேயிருந்து இராஜாங்கம் வந்து நிலையில் கையை ஊன்றி நின்றார். ஒல்லியான ஆள். அவளை உட்காரச் சொல்லவில்லை.

"பட்டனை அமுக்குனேன். எறங்குச்சு. ஸ்கிரீன்ல சைபர் வந்துச்சு. நின்னுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தண்ணி போறது தெரியலையா உங்களுக்கு?"

"ரெண்டு பக்கமும் தண்ணி கரை முட்ட நிக்குது. ஷட்டருக்குக் கீழ என்ன போவுதுன்னு நீங்களா இருந்தா பாத்துருப்பீங்களா? முன்னெல்லாம் தண்டுல அளவு வெட்டியிருக்கும், அதப் பாப்போம். மோட்டார் மாட்டும்போது தண்டையே மாத்திட்டீங்க. ஸ்கிரீனைப் பாருன்னீங்க. பாத்தேன்."

"கைப்பிடி போட்டுத் தூக்குனீங்கன்னு..."

அவள் முடிக்கவில்லை. இராஜாங்கம் வாசலுக்கு இறங்கி வந்துவிட்டார். குரல் உயரவில்லை, தாடை மட்டும் ஆடியது.

"எந்தக் கைப்பிடி? காட்டுங்க. மதகுல இருந்தா காட்டுங்க. மோட்டார் மாட்டுன அன்னிக்கே, இனிமே இது தேவையில்லன்னு உங்க ஆளுங்கதான் கழட்டி வேன்ல போட்டுட்டுப் போனாங்க. அதக் கேக்க ஒருத்தருக்கும் வாய் வரல. கேட்டாத்தான சொல்றதுக்கு?"

சுடர்விழிக்கு அந்த இரும்புக் கைப்பிடி கண்முன் வந்தது. கம்பெனியில் ஸ்டோர் ரூம் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒரு மனிதன் திருடன் என்பதற்கு ஆதாரமாக எழுதப்பட்ட பொருள், அதை எழுதியவர்களின் கதவடியிலேயே கிடக்கிறது.

"நான் மதகைப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

"பாருங்க. பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்ல வேணாம். எனக்குத் தெரியும் நான் தூக்கலன்னு."

சுடர்விழி போனில் கேட்டுக்கொண்டதால், மறுநாள் காலை பாசன அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் ஷைலஜா மதகுக்கு வந்தார். சஸ்பென்ஷனுக்குப் பரிந்துரை எழுதியவர் அவர்தான். வரவே மனமில்லாமல், ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. வாய்க்காலில் அடித்தளம் தெரிந்தது. மதகின் அந்தப் பக்கம் நாலைந்து பேர் உடைப்புக்கு மணல் மூட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனி ரிப்போர்ட்தான் இருக்கே. இப்ப எதுக்கு டெஸ்ட்?"

"என் பேர்ல போன ரிப்போர்ட்டுங்க அது. நான் இன்னும் டெஸ்ட் பண்ணலை."

முதலில், பூஜ்யத்தில் நிற்காமல் இறக்கும் பராமரிப்பு முறையில் ஷட்டரை அடியில் உட்காரும்வரை இறக்கி, திரையைப் பூஜ்யமாக்கினாள். பிறகு திறக்கும் பட்டனை அழுத்தினாள். மோட்டார் விறுவிறுவென்று ஏற்றியது. இறக்கும்போது ஷட்டர் அடியில் மோதக் கூடாது என்பதற்காக மெதுவாக இறங்கும்படி வைத்திருந்தார்கள். ஏற்றும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. திரையில் எண்கள் இரண்டு தசம இலக்கத்தோடு ஓடின. நிறுத்திவிட்டு அளவு டேப்பைப் பிடித்தாள். திரை காட்டியதைவிட ஷட்டர் அதிகமாகவே ஏறியிருந்தது. மூடும் பட்டனை அழுத்தினாள். மெல்ல இறங்கி, திரையில் பூஜ்யம் வந்ததும் மோட்டார் தானாக நின்றது.

ஷட்டருக்கும் அடித்தளத்துக்கும் நடுவே அவளுடைய நான்கு விரல் தாராளமாகப் போனது.

இன்னொரு முறை ஏற்றி இறக்கினாள். இடைவெளி ஒரு சாண் ஆனது. மூன்றாவது முறை இன்னும் கூடியது. ஒவ்வொரு முறையும் திரை பூஜ்யம் என்றே சொன்னது.

ஷைலஜா குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

சுடர்விழி கருவியின் மூடியைக் கழற்றி லேப்டாப்பை இணைத்தாள். சிப்பில் பதிந்திருந்த செட்டிங் திரையில் வந்தது. அவள் வைத்தது இல்லை அது. ஓர் அலைக்கு அவள் போட்ட கூறுகளைவிட எட்டு மடங்கு போட்டிருந்தது. மெதுவாகச் சுற்றும்போது அதனால் கெடுதல் இல்லை. வேகமாகச் சுற்றினால், எண்ணுகிற கன்ட்ரோலர் ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்து மோதும்; பாதி விட்டுப்போகும். ஏறும்போது விட்டுப்போனது இறங்கும்போது இடைவெளியாக நிற்கும். மழைக்காலம் முழுக்க ஏற்றியும் இறக்கியும் அந்த இடைவெளி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அதற்குக் கீழே இருந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். எண்ணிக்கை தப்பினால் சிப் ஒரு கம்பியில் எரர் என்று சொல்லும். அந்தக் கம்பியை அவள் மோட்டாருடன் இணைத்திருந்தாள். எரர் வந்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். அந்த எரரை யாரோ செட்டிங்கில் வாயடைத்திருந்தார்கள்.

மதகுச் சுவரில் சாய்ந்தபடி விஸ்வாவுக்குப் போன் செய்தாள். கம்பெனியில் சாஃப்ட்வேர் பார்ப்பவன். அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

"மேலக்காவனூர் சிப்புல செட்டிங்கை மாத்தினது நீயா விஸ்வா?"

"சார் சொன்னாருக்கா. திறப்பு விழாவுக்கு முதல் நாள். ஸ்கிரீன்ல நம்பர் தாவித் தாவிப் போகுது, பாக்க நல்லால்ல, பாயின்ட்டுக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் ஓடணும்னாரு. நீங்க திருச்சிக்குப் போயிருந்தீங்க."

"எரரை?"

"செட்டிங்கை ஏத்தினதும் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மோட்டார் நின்னுச்சு. காலையில ஆளுங்க வந்துருவாங்க. சார்தான் அதை ஆஃப் பண்ணிட்டு விழா முடிஞ்சதும் பாத்துக்கலாம்னாரு."

"முடிஞ்சதும் பாத்தியா?"

"அக்கா..." என்று இழுத்தான்.

"அது தப்புன்னு கத்தியிருக்குடா. ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கு. நீங்க அதோட வாயில துணியை வச்சு அடைச்சிட்டு, ஒரு மனுசனைத் திருடன்னு எழுதியிருக்கீங்க. அதுல என் கையெழுத்தை வேற ஒட்டியிருக்கீங்க."

போனை வைத்தபோது ஷைலஜா பக்கத்தில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தார்.

"சரி பண்ணிடலாம் இல்ல? இன்னிக்கே?"

"சிப்பைச் சரி பண்ணிடலாம் மேடம்."

"அப்ப அதை முதல்ல பண்ணுங்க. இராஜாங்கம் விஷயத்தை நான் மேல பேசி, மெதுவா... சத்தமில்லாம எடுத்துக்கலாம். உங்க கம்பெனிக்கும் நல்லது."

இவ்வளவு நேரம் அடக்கியிருந்தது அப்போது வெடித்தது. "ஒரு டேப்பு எடுத்து அளந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் மேடம். கைப்பிடி எங்கன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க ரெண்டும் செய்யலை. ஸ்கிரீனை நம்பினீங்க, ரிப்போர்ட்டை நம்பினீங்க, அவரை மட்டும் நம்பலை. அடிச்சப்ப சத்தமாத்தானே அடிச்சாங்க? எடுக்கிறது மட்டும் ஏன் சத்தமில்லாம?"

ஷைலஜாவின் முகம் சிவந்தது. டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஷைலஜா ஏதாவது கடுமையாகச் சொல்லப் போகிறார் என்று சுடர்விழி காத்திருந்தாள். ஆனால் அவர் போனை எடுத்து, ஷட்டருக்கும் தளத்துக்கும் நடுவில் டேப்பை நிறுத்தி, திரையில் பூஜ்யமும் தெரியும்படி படம் எடுத்தார். "செட்டிங்கைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். மேலேருந்து ஆள் வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மத்தியானம் தஞ்சாவூர் திரும்பியதும் சுடர்விழி ஸ்டோர் ரூம் கதவடியிலிருந்த கைப்பிடியைத் தூக்கினாள். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் ரகுராமன் மேசைமேல் வைத்தாள். கண்ணாடியில் கீறல் விழுந்தது.

"இதைப் போட்டுத்தான் அவர் தூக்கினாராம். இங்கிருந்து எடுத்துட்டுப் போயிருப்பாரோ?"

ரகுராமன் கைப்பிடியைப் பார்த்தார். அது என்னவென்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"விஸ்வா சொன்னான். சத்தியமா சுடர், இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. டிஸ்பிளே நல்லா வரணும்னு பண்ணினது."

"ஆகும்னு தெரியாது, சரி. ஆனதுக்கப்புறம்? வாய்க்கா உடைஞ்ச அன்னிக்கு எரரை ஆஃப் பண்ணினது ஞாபகம் வரலையா உங்களுக்கு?"

ரகுராமன் மேசைக் கண்ணாடியின் கீறலை விரலால் தடவினார். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஞாபகம் வந்திருக்கிறது. வந்த பிறகுதான் கையெழுத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்.

"பதினோரு பேர் இந்தக் கம்பெனியில வேலை பாக்கறாங்க" என்றார் கடைசியில். "நீ வாயத் திறந்தா அத்தனை பேருக்கும் சோறு போச்சு. அதையும் யோசி."

"அவர் வீட்டுச் சோத்தைப் பத்தி நீங்க யோசிச்சீங்களா?"

"ஒரு ஆளுக்காக..."

"ஆமா சார். ஒரு ஆளுக்காகத்தான்."

அன்றே விலகல் கடிதம் கொடுத்தாள். விஸ்வா மாடிப்படி வரை பின்னால் வந்து எதையோ சொல்ல முயன்றான். அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

விசாரணைக்கு மேலதிகாரி வந்தபோது சுடர்விழி மதகில் மறுபடியும் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். ஷைலஜா தன் படங்களைக் கொடுத்தார். அளந்து பார்க்காமல் பரிந்துரை எழுதியதையும் அவராகவே சொன்னார். இராஜாங்கத்தின் சஸ்பென்ஷனை ரத்து செய்து உத்தரவு வந்தது. கம்பெனியின் டெண்டர் நின்றது. ரகுராமன் வக்கீல் வைத்து, எல்லாம் விஸ்வா தானாகச் செய்தது என்று பதில் கொடுத்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு விஸ்வாமேல் இருந்த கோபத்தில் பாதி ரகுராமன்மேல் போய்ச் சேர்ந்தது. விஸ்வாவும் விசாரணையில் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

உத்தரவு வந்ததைச் சொல்ல இராஜாங்கத்துக்குப் போன் செய்தாள். தங்கம்மாள்தான் எடுத்தாள்.

"காயிதம் வந்துருச்சு. ஊருக்கு யாரு சொல்றது? காயிதத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டா அவர் திரிவாரு? எந்த எடத்துல அடிச்சாங்களோ அங்க வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை போனாள். உடைப்பை அடைத்த இடத்தில் புது மண் இன்னும் இறுகவில்லை. வயல்களில் சம்பா அழுகிக் கறுத்துக் கிடந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. தங்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்ததால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அறைந்தவனும் இருந்தான். நெடுஞ்செழியன் என்று பெயர். குத்தகை நிலத்தில் நட்டதெல்லாம் அவனுக்குப் போயிருந்தது. இராஜாங்கம் கரைமேல், எல்லோருக்கும் சற்றுத் தள்ளி நின்றார்.

சுடர்விழி மைக் இல்லாமல் பேசினாள். சிப், கூறு, எரர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னாள்: "ஷட்டர் மூடலை. மூடிட்டதா எங்க மிஷின் பொய் சொல்லுச்சு. பொய் சொல்ற மாதிரி அதை மாத்தினது எங்க கம்பெனி. அது தெரிஞ்சும் இவர் மேல பழியைப் போட்டாங்க. இவர் எந்தத் தப்பும் பண்ணலை."

நெடுஞ்செழியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அப்ப எம்பயிருக்கு யாரு பதில் சொல்றது? அவரை அடிச்சேன், தப்பு. சரி. உங்களை யாரு அடிக்கிறது?"

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. "யார் யார் பேரைச் சொல்லணுமோ சொல்லிட்டேன். கேஸ் போட்டீங்கன்னா கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்."

"சொல்லுவீங்க" என்றான் அவன். பிறகு கரைமேல் ஏறி இராஜாங்கத்தின் முன்னால் போய் நின்றான். கை கூப்பப் போனான்.

இராஜாங்கம் அவன் கையைத் தட்டிவிட்டார். "என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடா நீ? உங்கப்பன் காலத்துலேருந்து நான்தானடா உன் வயலுக்குத் தண்ணி உட்டேன். கேட்டியா?" நெடுஞ்செழியன் தலையைக் குனிந்தபடி நின்றான். இராஜாங்கம் கரையோடு நடந்து போய்விட்டார். தங்கம்மாள் அவர் பின்னாலேயே போனாள்.

மதகைச் சரிசெய்யும் பொறுப்பைப் பாசன அலுவலகம் சுடர்விழியிடமே கொடுத்தது. அடுத்த வாரம் வெயிலில் உட்கார்ந்து பழைய செட்டிங்கைப் பதிந்தாள்; எரர் கம்பிக்கு மறுபடி உயிர் கொடுத்தாள்; வேண்டுமென்றே எண்ணிக்கையைத் தப்பவைத்து மோட்டார் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. தண்டில் அளவுக் கோடு வெட்ட ஒரு வெல்டரைக் கூட்டி வந்திருந்தாள்.

வேலை முடியும் நேரத்தில் இராஜாங்கம் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் இந்த மதகுக்குத் திரும்பவில்லை. வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சாவியை ஒப்படைக்க வந்தவர், வெல்டர் வெட்டிய கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சாகுற வரைக்கும் அந்த அறை மறக்காது" என்றார், அவளைப் பார்க்காமல்.

"மறக்க வேணாங்க. நானும் அந்தக் கம்பெனியை மன்னிக்கப் போறதில்லை."

அவர் தலையசைத்தார். சாவிக்கொத்தை மதகுச் சுவர்மேல் வைத்துவிட்டு, கோடுகளில் ஒன்றைக் காட்டி, அது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மறுபடி வெட்டச் சொல்லுங்கள் என்றார். வெல்டர் மறுபடி வெட்டத் தொடங்கினார்.